வயசான அம்மா அப்பா இனிமே எங்க இருக்கறது: சொந்த வீடா, பிள்ளைங்க வீடா, முதியோர் குடியிருப்பா?

"அப்பா போனதுக்கப்புறம் அம்மா தனியா இருக்காங்க, எங்க கூட வந்துடுங்கன்னா வரமாட்டேங்கறாங்க, அங்கயே விடவும் பயமா இருக்கு, என்ன தான் பண்றது?" கொஞ்ச நாளா இந்தக் கேள்வி நிறைய பேர் கிட்டேர்ந்து வருது. சில பேர் நேரா எந்த ஹோம் நல்லா இருக்கும்னு கேக்கறாங்க, சில பேர் ஹோம்ல விட்டா பாவம் இல்லையான்னு கேக்கறாங்க. ரெண்டு பேரும் கேக்கறது ஒண்ணு தான், இவங்க மிச்ச நாள் நல்லா இருக்கணும், அதுக்கு எது சரியான இடம்னு.

எங்க குடும்பத்துல இந்த மூணு வழியையும் பாத்தாச்சு. அம்மா நாலு வருஷம் அவங்க வீட்ல தனியா இருந்தாங்க, இப்போ ஒன்றரை வருஷமா என் கூட இருக்காங்க. சித்தப்பா யாரும் சொல்லாம தானே தேடிப் பிடிச்சு ஒரு முதியோர் குடியிருப்புல போய் சேந்தவரு. மூணு எடத்துலயும் நிம்மதியும் பாத்தேன், மனசு உடையற மாதிரியும் பாத்தேன். அதனால இது தான் பெஸ்ட்னு ஒண்ண காட்டிட்டு போக மாட்டேன். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு உறுதியான அபிப்ராயம் இருக்கு, அத முன்னாடியே சொல்லிடறேன். எந்த வீட்ல இருக்காங்கங்கறத விட, அந்த வீட்ல அவங்களோட நாள யார் தீர்மானிக்கறாங்கங்கறது தான் அவங்க நல்லா இருக்கறதையும் வாடிப் போறதையும் முடிவு பண்ணுது.

## முதல்ல எத வச்சு பாக்கறது

நிறைய குடும்பத்துல பேச்சு நேரா "எங்க கொண்டு போறது"ன்னு தான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து கீழ இருக்கறத எழுதிப் பாருங்க, பாதி சண்டை அங்கயே அடங்கிடும்.

உடம்பால எது முடியுது, எது முடியல. "முன்ன மாதிரி இல்ல"ன்னு பொதுவா சொல்லிட்டு விட்டுடக் கூடாது. டாக்டர்கள் இதுக்கு ரெண்டு லிஸ்ட் வச்சிருக்காங்க. 1963ல காட்ஸ்ங்கறவர் டீம் கொண்டு வந்தது ஆறு விஷயம்: குளிக்கறது, ட்ரெஸ் போட்டுக்கறது, டாய்லெட் போறது, கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாறறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியறது, தானே சாப்பிடறது. 1969ல லாட்டன், ப்ரோடி ரெண்டு பேரும் சேத்தது எட்டு: ஃபோன் பேசறது, கடைக்கு போறது, சமைக்கறது, வீடு பாத்துக்கறது, துணி துவைக்கறது, வெளிய போய் வர்றது, மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கறது, காசு கணக்கு. இந்த எட்டுல ரெண்டு மூணு தடுமாறுதுன்னா அது ஆள் வச்சு சமாளிக்கற விஷயம். ஆறுல ஒண்ணு ரெண்டு போயிடுச்சுன்னா நிலைமை வேற, அங்க தினமும் கை குடுக்க மனுஷன் வேணும்.

வீட்லயே செய்யற ஒரு சின்ன டெஸ்ட்டும் இருக்கு. நாற்காலில உக்காந்தவங்க எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காரணும், எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாக்கணும். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா விழற ரிஸ்க் இருக்குன்னு எடுத்துக்கறாங்க. பக்கத்துலயே நின்னு செய்ய வைங்க.

ராத்திரி என்ன ஆகும். பகல்ல எல்லாமே சரியா தான் தெரியும். ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம் போகும்போது விழுந்தா எவ்ளோ நேரத்துல ஒருத்தர் வந்து சேருவாங்க? தற்செயலா ஏற்படற காயங்களால வர்ற சாவுல உலக அளவுல ரெண்டாவது பெரிய காரணம் விழறது தான், வருஷத்துக்கு 6,84,000 பேர் இப்படி போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல அதிகம் 60 தாண்டினவங்க.

முடிவு யார் கையில. எத்தனை மணிக்கு எழறது, கதவ சாத்திக்கறது, யார உள்ள விடறது, தன் காசுல என்ன வாங்கறது. இத தனி பாயிண்டா எழுதுங்க, ஏன்னா குடும்பக் கூட்டத்துல இத யாரும் பேசறதில்ல.

பேச்சுத் துணை. தனியா இருக்கறதும் தனிமையா உணர்றதும் ஒண்ணு இல்ல. ஒரு ஆளும் இல்லாத வீட்ல நிறைவா இருக்கறவங்க உண்டு, எட்டு பேர் இருக்கற வீட்ல ஏங்கறவங்களும் உண்டு. வயசாக வயசாக மனுஷங்க தன் வட்டத்த தானே சுருக்கி, மனசுக்கு நெருக்கமானவங்கள மட்டும் வச்சுக்கறாங்கன்னு லாரா கார்ஸ்டென்சன்ங்கற உளவியல் அறிஞர் பல வருஷமா ஆராய்ஞ்சு சொல்லிட்டு வராங்க. அதனால அங்க போனா நிறைய பேர் இருப்பாங்கங்கறது மட்டும் எல்லாருக்கும் ஆறுதல் ஆகாது. அந்த ரெண்டு மூணு பேர் யாரு, அவங்கள பாக்க முடியுமாங்கறது தான் கேள்வி.

பாத்துக்கறவங்க நிலைமை, அப்புறம் காசு. காச இன்னைக்கு ஆகற செலவா பாக்காதீங்க. இப்போ இருக்கற நிலைமை, ஒரு படி கீழ போனா, படுக்கைல விழுந்தா, இந்த மூணுக்கும் தனித்தனியா கணக்கு போடுங்க.

## சொந்த வீட்லயே இருக்கறது

பெரும்பாலான பெரியவங்க கேக்கறது இத தான், அதுக்கு காரணமும் இருக்கு. இருட்டுல கூட ஸ்விட்ச் எங்கன்னு கைக்கு தெரியும், கேட் சத்தத்த வச்சே யார் வராங்கன்னு தெரியும். புது எடத்துல மூளை யோசிச்சு செய்ய வேண்டியத பழகின வீட்ல உடம்பே செஞ்சுடும். லேசா ஞாபக மறதி ஆரம்பிச்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய உதவின்னு மாத்தி கொண்டு போனதுக்கப்புறம் தான் பல பேருக்கு புரியுது.

அம்மா வீட்டுக்கு நான் ஒவ்வொரு தடவை போறப்பவும் படுக்கை அறைலேர்ந்து பாத்ரூம் வரைக்கும் சுவத்துல இடுப்புக்கு கொஞ்சம் மேல ஒரு மங்கல் கோடு தெரியும். அழுக்குன்னு நினைச்சு பெயிண்ட் அடிச்சுடலாம்னு கூட சொன்னேன். ஒரு நாள் ராத்திரி அங்க தங்கினப்ப தான் பாத்தேன், அம்மா லைட் போடாம அந்தச் சுவத்த தடவிக்கிட்டே போறாங்க. அது அவங்க உள்ளங்கை. எத்தனை மாசமா சுவத்த பிடிச்சு நடந்தா அப்படி ஒரு கோடு விழும். ஃபோன்ல தினமும் "நான் நல்லா தான் இருக்கேன்"னு சொன்னாங்க, அந்த சுவரு தான் உண்மைய சொல்லிச்சு. அந்தக் கோட்டு மேலயே நீளமா கைப்பிடி போட்டோம், தரை ஓரமா சின்ன லைட் வச்சோம், மடங்கற மிதியடி எல்லாத்தையும் எடுத்தோம், பாத்ரூம்ல ஒரு ஸ்டூல். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல அவங்க அங்க விழாம இருந்தாங்க. சொந்த வீடா வேற எடமான்னு யோசிக்கறவங்க முதல்ல இந்த வேலைய செஞ்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, பல பேருக்கு வீடு மாத்தறதே கொஞ்ச வருஷம் தள்ளிப் போகும்.

வீட்ட மாத்தறது பாதி தான், உடம்பையும் தயார் பண்ணணும். 65 தாண்டினவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான நடை மாதிரி அசைவோட, பேலன்ஸும் தசை பலமும் சேந்த பயிற்சி வாரத்துல 3 நாளாவது செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நிறைய பேர் நடந்தா போதும்னு நிறுத்திடறாங்க, விழாம காப்பாத்தறது அந்த பேலன்ஸ் பயிற்சி தான். பிசியோ ஒருத்தர் வந்து ஒரு தடவை காட்டிக் குடுத்துட்டா வீட்லயே செய்யலாம்.

இதுல மறைஞ்சிருக்கற செலவு எது தெரியுமா, ஒருங்கிணைக்கற வேலை. உதவிக்கு வர்றவங்க லீவ் போட்டா மாத்து ஆள் தேடறது, மாத்திரை தீந்துடுச்சான்னு பாக்கறது, கேஸ், கரண்ட், குழாய் ரிப்பேர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இது அத்தனையும் எங்கயோ உக்காந்திருக்கற ஒரு பிள்ளை தலைல, அதுவும் எப்பவும் ஒரே பிள்ளை தலைல விழும். மத்தவங்க அம்மா தான் தனியா சமாளிக்கறாங்களேன்னு நினைச்சுட்டு இருப்பாங்க. சாப்பாடும் குறையும், ஒரு ஆளுக்காக அடுப்பு பத்த வைக்கணுமான்னு தோணி ஒரு வேளை விட்டுப் போகும், அப்புறம் அதுவே பழக்கம் ஆகும். எடை குறையுதான்னு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

அப்புறம் அந்த அவசர பட்டன். கழுத்துல மாட்டிக்கற மாதிரி வாங்கிக் குடுத்துட்டு நிம்மதி ஆயிடறோம், அது மேஜை மேலயோ ஆணிலயோ தொங்கிட்டு இருக்கும். விழுந்து எழ முடியாம ஒரு மணி நேரத்துக்கு மேல தரைலயே கிடந்தா விழுந்த அடிய விட அந்தக் கிடக்கறது மோசம், உடம்பு நீர் வத்திப் போகும், அழுத்தத்துல புண்ணு வரும், தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கும். அதனால தினமும் ரெண்டு வேளை ஒரு மனுஷக் குரல், சாவி வச்சிருக்கற ஒரு பக்கத்து வீடு, இது ரெண்டும் இல்லாம எந்த கருவிய நம்பியும் தனியா விடாதீங்க.

எப்போ இது தான் சரி: காட்ஸ் லிஸ்ட்ல ஆறும் தானே செய்யறாங்க, பக்கத்துல தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்களே இருக்கணும்னு ஆசைப்படறாங்க. எப்போ முடியாது: அடுப்ப அணைக்க மறக்கறாங்க, ராத்திரி வெளிய கிளம்பிடறாங்க, ஒரே மாத்திரைய ரெண்டு தடவை போட்டுக்கறாங்க, ஆறு மாசத்துல ரெண்டாவது தடவை விழுந்துட்டாங்க. இதுல ஒண்ணு வந்தாலும் பேச்ச தள்ளிப் போடாதீங்க.

## பிள்ளைங்க வீட்டுக்கு வர்றது

மனசுக்கு இது தான் முதல்ல தோணும். ராத்திரிக்கு ஆள் இருக்கு, பேரப் பிள்ளைங்க இருக்காங்க, பாசம் இருக்கு. ஆனா காலைல எட்டு மணிக்கு மேல அந்த வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? எல்லாரும் வேலைக்கும் ஸ்கூலுக்கும் போனதுக்கப்புறம் பெரியவங்க ஒரு தெரியாத ஏரியால பூட்டின கதவுக்குள்ள பத்து மணி நேரம். பழைய வீட்லயாவது வாசல்ல நின்னா ரெண்டு பேர் பேசுவாங்க.

அம்மா எங்க வீட்டுக்கு வந்த புதுசுல கிச்சன் வாசல்ல வந்து நிப்பாங்க, ஒரு கைய நிலைல வச்சுக்கிட்டு. "நான் என்ன செய்யட்டும்?"னு கேப்பாங்க. நான் "ஒண்ணும் வேணாம்மா, நீங்க போய் ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லுவேன். பாசத்துல தான் சொன்னேன். தினமும் சொன்னேன். ரெண்டு மாசத்துல அவங்க கேக்கறத நிறுத்திட்டாங்க, கொஞ்ச நாள்ல பேச்சும் குறைஞ்சுது, மூணாவது மாசம் படி ஏற முடியலன்னாங்க. அம்பது வருஷம் ஒரு வீட்ட நடத்தினவங்கள நான் ஒரே வார்த்தைல விருந்தாளி ஆக்கிட்டேன்னு அப்புறம் தான் உறைச்சுது.

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, உடம்பும் தான். 2007ல வந்த ஒரு ஆய்வுல சராசரி 67 வயசுள்ள ஆரோக்கியமான ஆட்கள 10 நாள் படுக்கைலயே இருக்க வச்சு பாத்தாங்க, கால் தசை மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைஞ்சு போச்சு. பத்தே நாள்ல. நம்ம வீட்ல ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லி உக்கார வைக்கறது அவ்ளோ முழுசா இல்ல தான், ஆனா அது மாசக்கணக்குல நடக்குது.

அப்போ எல்லா வேலையும் குடுத்துடறதான்னு கேட்டா அதுவும் இல்ல. பால் பால்டஸ், மார்கரெட் பால்டஸ்னு ஒரு தம்பதி முதுமைய பத்தி நிறைய ஆராய்ஞ்சவங்க, ஆர்தர் ரூபின்ஸ்டைன்ங்கற பியானோ கலைஞர அவங்க உதாரணமா காட்டுவாங்க. 80 வயசுலயும் எப்படி இவ்ளோ நல்லா வாசிக்கறீங்கன்னு கேட்டதுக்கு அவர் சொன்னதோட சாரம் மூணு: வாசிக்கற பாட்ட குறைச்சுக்கிட்டேன், அந்தக் கொஞ்சத்த அதிகம் பழகறேன், வேகமான எடம் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மெதுவா வாசிக்கறேன், அப்போ அந்த வேகம் வேகமாவே கேக்கும். வீட்லயும் இதே தான் செய்யணும். பத்து வேலைல எட்ட எடுத்துக்கோங்க, ரெண்ட அவங்க கிட்ட முழுசா விட்டுடுங்க, அந்த ரெண்டும் நிஜமாவே வீட்டுக்கு தேவைப்படற வேலையா இருக்கட்டும். சும்மா பொழுது போகட்டும்னு குடுக்கற வேலைய பெரியவங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. எங்க வீட்ல அம்மா கிட்ட வரவு செலவு நோட்டையும் செடிங்களையும் குடுத்தேன். நோட்டுல கணக்கு இடிச்சா என்னை கூப்பிட்டு உக்கார வச்சு கேப்பாங்க, நானும் பதில் சொல்லியாகணும். அந்த மாசத்துலேர்ந்து அவங்க குரலே மாறிடுச்சு.

மறைஞ்சிருக்கற செலவு இங்க பாத்துக்கறவங்க மேல தான் விழுது, பெரும்பாலும் மகளோ மருமகளோ. வேலைல ப்ரமோஷன் வேணாம்னு சொல்றது, பாதி நேர வேலைக்கு மாறறது, தூக்கி உக்கார வச்சு வந்த முதுகு வலி, துண்டு துண்டா தூங்கறது, இதெல்லாம் எந்தக் கணக்குலயும் எழுதப்படாது. இந்தச் சுமைய அளக்கறதுக்குன்னே 1980ல ஸாரிட்ங்கறவர் டீம் ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணினாங்க, டாக்டர்கள் இப்பவும் உபயோகிக்கறாங்க. அப்படின்னா இது ஏதோ ஒரு வீட்டு மருமகளோட பலவீனம் இல்ல, யாருக்கும் வரும். வாரத்துல ஒரு முழு நாள் இன்னொருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும், அத கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சுடணும். பின்னாடி பேசினா அது சண்டையா தான் வரும்.

இன்னொண்ணும் சொல்லணும். 60 வயசு தாண்டினவங்கள்ல ஆறுல ஒருத்தர் ஒரு வருஷத்துக்குள்ள ஏதோ ஒரு விதமான கொடுமைய, திட்டு, புறக்கணிப்பு, காச எடுத்துக்கறது உட்பட, நிறுவனங்களுக்கு வெளிய சாதாரண வாழ்க்கைலயே அனுபவிச்சிருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குடும்பம்னா தானாவே பாதுகாப்புன்னு எடுத்துக்க முடியாது. பேங்க் கார்டும் ஃபோனும் அவங்க கைலயே இருக்கட்டும், அறைக்கு ஒரு கதவு இருக்கட்டும், உள்ள போறதுக்கு முன்னாடி தட்டுங்க.

மூணு மாசம் அண்ணன் வீடு மூணு மாசம் தங்கச்சி வீடுன்னு சுத்தறத பத்தியும் கேக்கறாங்க. நடமாட்டம் நல்லா இருக்கு, அவங்களுக்கே ஊர் மாறறது பிடிக்கும்னா சரி. ஞாபக மறதி இருந்தா வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் எந்தப் பக்கம்னு புதுசா கத்துக்கணும், டாக்டரும் மாறுவாரு, மருந்துச் சீட்டும் குழம்பும்.

எப்போ இது தான் சரி: பகல்லயும் யாராவது வீட்ல இருக்காங்க, அவங்களுக்குன்னு அறை இருக்கு, மாடிப்படி இல்லாம பாத்ரூம் போகலாம், முன்னாடிலேர்ந்தே உறவு சுமுகமா இருக்கு. முன்னாடி இல்லாத ஒற்றுமை ஒரே வீட்ல இருந்தா வந்துடும்னு நினைக்காதீங்க.

## முதியோர் குடியிருப்பு

இதுல பல வகை இருக்கு, எல்லாத்தையும் ஹோம்னு ஒரே பேர்ல சொல்றதால தான் பேச்சே குழம்புது. தானே எல்லாம் செஞ்சுக்கறவங்க தனி ஃபிளாட்ல இருந்து சாப்பாடு, க்ளீனிங், டாக்டர் மட்டும் வாங்கிக்கற எடம் ஒண்ணு. குளிக்க, ட்ரெஸ் போட கை குடுக்கற எடம் ஒண்ணு. முழு நேர நர்ஸிங் ஒண்ணு. மறதி நோய் உள்ளவங்களுக்குன்னே அமைச்சது தனி. எந்த வகைன்னு தெரியாம நல்லதா கெட்டதான்னு பேசறதுல அர்த்தம் இல்ல.

சித்தப்பா போனது முதல் வகைக்கு, 71 வயசுல, நல்லா நடக்கும்போதே. "முடியாம போனப்புறம் நீங்க கொண்டு விடறது வேற, நானா பாத்து ரூம் செலக்ட் பண்றது வேற"ன்னு சொன்னாரு. அங்க அவருக்கு சீட்டாட்ட செட் அமைஞ்சுது, தன் வயசு ஆள் கூட தன் காலத்து விஷயம் பேசறாரு, நம்ம கிட்ட அந்த ஞாபகத்த எல்லாம் விளக்கி சொல்ல வேண்டியிருந்துது, அங்க பாதி வாக்கியத்துலயே சிரிக்கறாங்க. எனக்கு அது புதுசா இருந்துது.

தானா தேர்ந்தெடுக்கறதுல இருக்கற இந்த சக்தி ஆய்வுலயும் தெரிஞ்சிருக்கு. 1976ல எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் ரெண்டு பேரும் ஒரு நர்ஸிங் ஹோம்ல ஒரு மாடில இருக்கறவங்க கிட்ட உங்க அறை எப்படி இருக்கணும், நேரத்த எப்படி செலவழிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்னு சொல்லி, ஒரு செடியையும் தேர்ந்தெடுக்க வச்சு நீங்களே பாத்துக்கோங்கன்னாங்க. இன்னொரு மாடில இருக்கறவங்களுக்கும் செடி குடுத்தாங்க, ஆனா நர்ஸ் பாத்துப்பாங்கன்னாங்க. மூணு வாரத்துல முதல் மாடி ஆட்கள் சுறுசுறுப்பாவும் சந்தோஷமாவும் இருந்தாங்க. சின்ன ஆய்வு தான், ஆனா நம்ம கண்ணு முன்னாடி நடக்கறதோட அப்படியே ஒத்துப் போகுது.

அதே 1976ல ரிச்சர்ட் ஷுல்ஸ் பண்ணின இன்னொண்ணு தூரத்துல இருக்கற பிள்ளைங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. காலேஜ் பசங்கள முதியோர் இல்லத்துக்கு பாக்க அனுப்பினாங்க. எப்போ வருவாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சவங்களும், தானே நேரம் குறிச்சவங்களும், திடீர் திடீர்னு பாக்கப்பட்டவங்கள விட நல்லா இருந்தாங்க. எத்தனை தடவை வர்றாங்கங்கறத விட அது தெரிஞ்சிருக்கறதுல தான் பலன். ஆனா ஆய்வு முடிஞ்சு அந்தப் பசங்க வர்றது நின்னதுக்கப்புறம், நல்லா இருந்த அந்த ஆட்கள் தான் இன்னும் கீழ இறங்கினாங்க. அதனால முதல் ரெண்டு மாசம் வாரா வாரம் ஓடிட்டு அப்புறம் நிறுத்திடாதீங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைன்னாலும் இந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லி, சொன்ன மணிக்கு போய் நில்லுங்க.

மறைஞ்சிருக்கற செலவுகள் இங்க நிறைய. உதவி தேவை ஒரு படி கூடினா கட்டணமும் ஒரு படி கூடும். டெபாசிட் எப்போ எவ்ளோ திரும்ப கிடைக்கும்? மறதி நோய் வந்தா வச்சுப்பாங்களா, கூட்டிட்டு போங்கன்னு சொல்லுவாங்களா? ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருந்தா அறை வாடகை ஓடுமா? எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. ஊழியர்கள் அடிக்கடி மாறினாங்கன்னா அது ஒரு பெரிய அடையாளம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு தெரியாதது. மார்கரெட் பால்டஸ் பராமரிப்பு இல்லங்கள்ல உக்காந்து கவனிச்சு சொன்னது: முதியவங்க தானே ஒரு வேலைய செஞ்சா ஊழியர்கள் திரும்பிப் பாக்கறதில்ல, முடியலன்னு உக்காந்தா உடனே வந்து கவனிக்கறாங்க. அப்போ கவனிப்பு வேணும்னா முடியாதவங்களா ஆகணும்னு மெல்ல மெல்ல கத்துக்கறாங்க. தானே சட்டை பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகும், போட்டு விட்டா அரை நிமிஷம், அவசரத்துல போட்டு விட்டுடறாங்க, ஒரு வருஷத்துல அந்தக் கை பட்டன் போடறத மறந்துடுது. வீட்லயும் இது தான் நடக்குது, இங்க ஷிஃப்ட் நேரம் வச்சு நடக்குது.

போய் பாக்கறதுன்னா சொல்லிட்டு காலைல போகாதீங்க, சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ போங்க. பெல் அடிச்சா எவ்ளோ நேரத்துல வராங்கன்னு கவனிங்க. அறைக்குள்ள தட்டிட்டு நுழையறாங்களா? பேர் சொல்லி பேசறாங்களா, இல்ல கட்டில் நம்பர் சொல்றாங்களா? டிவி முன்னாடி எத்தனை பேர் பேசாம உக்காந்திருக்காங்க? ராத்திரி எத்தனை ஊழியர்னு கேளுங்க. நிறுவனங்கள்ல வேலை செய்யற ஊழியர்கள்ல மூணுல ரெண்டு பேர் கடந்த ஒரு வருஷத்துல ஏதாவது ஒரு விதத்துல தவறா நடந்துக்கிட்டதா அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நல்ல எடமே இல்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, பணம் கட்டிட்டோம்னு கண்ண மூடிக்க முடியாதுன்னு தான் அர்த்தம்.

எப்போ இது தான் சரி: ராத்திரில ரெண்டு பேர் தூக்க வேண்டிய நிலைமை, பகல்ல யாரும் இல்லாத வீடு, பாத்துக்கறவங்க உடம்பு உடைஞ்சு போச்சு, இல்லன்னா சித்தப்பா மாதிரி அவங்களே கேக்கறாங்க.

## பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா

| எதை பாக்கணும் | சொந்த வீடு | பிள்ளைங்க வீடு | முதியோர் குடியிருப்பு |
|---|---|---|---|
| ராத்திரி அவசரம் | பலவீனம், சாவி வச்சிருக்கற ஆள் தேவை | நல்லது | ராத்திரி ஊழியர் எண்ணிக்கைய பொறுத்தது |
| முடிவு கையில இருக்கறது | அதிகம் | நாம விட்டுக் குடுத்தா உண்டு | அந்த எடத்து வழக்கத்த பொறுத்தது |
| பேச்சுத் துணை | பழைய அக்கம்பக்கம் இருந்தா நல்லது | சாயங்காலம் உண்டு, பகல்ல காலி | தன் வயசு ஆட்கள், பழக நாள் ஆகும் |
| மறதி நோய் வந்தா | ஆரம்பத்துல நல்லது, பின்னாடி ஆபத்து | முழு நேர ஆள் வேணும் | அதுக்கான தனி பிரிவு இருந்தா மட்டும் |
| மறைஞ்ச செலவு | ஒருங்கிணைப்பு, ரிப்பேர், மாத்து ஆள் | ஒருத்தரோட வேலை, தூக்கம், முதுகு | படிப்படியா ஏறற கட்டணம், டெபாசிட் |
| திரும்பி வர முடியுமா | ஆமா | வீட்ட விக்காத வரைக்கும் | டெபாசிட் விதிய பொறுத்தது |

அந்த கடைசி வரி தான் எனக்கு முக்கியம். எத தேர்ந்தெடுத்தாலும் முதல்ல ரெண்டு மூணு மாசம் ட்ரையலா பாருங்க, பழைய வீட்ட அதுக்குள்ள விக்கவோ வாடகைக்கு விடவோ செய்யாதீங்க. திரும்பிப் போக ஒரு எடம் இருக்குன்னு தெரிஞ்சாலே பெரியவங்க புது எடத்துல நிம்மதியா இருந்து பாப்பாங்க.

## முடிவு எடுக்கக் கூடாத நேரம்

ஆஸ்பத்திரில இருந்து டிஸ்சார்ஜ் ஆகற வாரம். பெரும்பாலான குடும்பம் அப்போ தான் முடிவு எடுக்குது, அது தான் ரொம்ப தப்பான நேரம். சின்ன இன்ஃபெக்ஷன், ஆபரேஷன், புது மருந்து எதுனாலயும் வயசானவங்களுக்கு திடீர்னு குழப்பம் வரும், ஆள் தெரியாம பேசுவாங்க, ராத்திரி கத்துவாங்க. இத டெலிரியம்னு சொல்லுவாங்க, நிரந்தர மறதி நோய் வேற. காரணத்துக்கு வைத்தியம் பண்ணினா பல பேருக்கு சரியாகும், முழுசா தெளிய வாரக்கணக்கும் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம். அந்த நிலைமைய பாத்துட்டு இனிமே முடியாதுன்னு எங்கயாவது நிரந்தரமா சேத்துட்டா, தெளிஞ்சு எழறவங்க தன் வீடு எங்கன்னு கேப்பாங்க. தெளியற வரைக்கும் தற்காலிக ஏற்பாடு போதும்.

காதையும் கண்ணையும் சரி பண்ணாம எடத்த மாத்தறதும் வேண்டாம். மறதி நோய்க்கான, நாம குறைக்கக் கூடிய காரணங்கள்னு 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு 14 விஷயத்த சொல்லியிருக்கு, அதுல காது கேக்காததும், சரி பண்ணாம விட்ட பார்வைக் குறையும், சமூகத்துலேர்ந்து ஒதுங்கி இருக்கறதும் உண்டு. காது சரியா கேக்கலன்னா எந்த வீட்ல இருந்தாலும் தனிமை தான், பத்து பேர் சிரிக்கற எடத்துல எதுக்கு சிரிக்கறாங்கன்னு தெரியாம உக்காந்திருக்கறது எவ்ளோ வலிக்கும். எதுலயும் ஈடுபாடு இல்லாம, தூங்காம, அழுதுட்டே இருந்தா அத வயசுன்னு விட்டுடாதீங்க. அது டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு மருந்தும் உண்டு, பேச்சு வைத்தியமும் உண்டு.

கடைசியா, அவங்க கிட்ட கேளுங்க. "எங்க இருக்க ஆசை"ன்னு நேரா கேட்டா நமக்கு பாரமா இருக்கக் கூடாதுன்னு "உங்க இஷ்டம்"பாங்க. அதனால நான் வேற மாதிரி கேட்டேன்: "ஒரு நாள்ல எத நீங்களே செஞ்சா தான் உங்களுக்கு நாள் ஆன மாதிரி இருக்கும்?" அம்மா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "காலைல கதவ நானே திறக்கணும்"னாங்க. எங்க வீட்டு சாவி ஒண்ணு அன்னைலேர்ந்து அவங்க தலகாணி பக்கத்துல இருக்கு, முதல்ல எழுந்து கதவ திறக்கறது அவங்க தான்.

எங்க வீட்ல பாத்ரூமுக்குள்ள கைப்பிடி போட்டிருந்தோம், வெளிய நடைல போடல. போன வாரம் பாத்தா அவங்க அறைலேர்ந்து வாசல் கதவு வரைக்கும் சுவத்துல அதே மாதிரி ஒரு மங்கல் கோடு விழ ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு அத போட ஆள் வராங்க. எந்த உயரத்துல வரணும்னு அம்மாவே பென்சிலால நாலு எடத்துல குறிச்சு வச்சிருக்காங்க.